அபீபா வருமுன் அடைக்க வேண்டிய ஆறு ஓட்டைகள்

பலாபத்வல,
செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பின்.

மதிப்புக்குரிய மச்சான் அன்ஸார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டுகஸ்தோட்டையில் தாங்களும், றுஸ்னா மதினியும், ஒபரேஷன் முடிந்து தங்கள் வீட்டில் தங்கிக் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் தங்கள் தங்கச்சியும் என் மனைவியுமான அபீபாவும் சுகமாக இருக்க வல்ல நாயனை வேண்டிக்கொள்கிறேன். இங்கு நானும் சுகம். வீடுதான் சுகமில்லை. அதுபற்றியே இக்கடிதம்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். மதினி போனை எடுத்தால் முழு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிட்டுத்தான் சலாம் சொல்வார். நான் சொல்லப்போவது அபீபாவின் காதில் விழக் கூடாது. அதோடு, முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து, ஓர் ஆணியைக் கொடுத்தாலும் எழுதிக் கொடுத்துப் பழகியவன் நான். வாயால் சொன்னது எதுவும் எனக்கு நடந்ததாகவே படாது. நாளைக் காலை நம் மருமகன் ஷிஃபானின் மரக்கறி லொறி தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு இறங்கும். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேண்டுகோள் ஒன்றுதான். பேசிக்கொண்டபடி இந்த வியாழக்கிழமை அபீபாவை அனுப்பிவிடாதீர்கள். அடுத்த வியாழன் வரைக்கும் எதையாவது சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் தூசி படவே கூடாதென்று டொக்டர் நாலு தரம் சொன்னார். என் வீட்டில் இப்போது தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை. வந்தவர்கள் உட்காரும் முன் ஹோலின் சீலிங்கில் ஆறு ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் போகிற அளவு.

எப்படி வந்ததென்று கேட்பீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன், வெட்கத்தோடுதான். என் வீட்டில் எரிகிற ஒவ்வொரு பல்பிலும் ஓர் அட்டை தொங்குவதைத் தாங்கள் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். ஸ்டோரில் சாமானுக்குக் கட்டுகிற அதே அட்டைதான். ஓய்வுபெறும்போது மிஞ்சிய கட்டு. மாட்டிய திகதி, மாற்றிய திகதி, மாற்றிய காரணம், முறைப்பாடு சொன்னவர் பெயர், எல்லாவற்றையும் மார்க்கர் பேனையால் பெரிய எழுத்தில் எழுதி நூலால் கட்டிவிடுவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அபீபா சொன்னாள், "இந்த பல்ப் வெளிச்சம் போதாதுங்க." நான் அட்டையைப் பார்த்தேன். மாட்டி நாலு மாசம். அட, கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று ஒன்பது வொட்ஸைக் கழற்றிப் பன்னிரண்டு மாட்டினேன். பிறகு பதினைந்து, பிறகு பதினெட்டு. மாத்தளை டவுனில் கடைக்காரர் ஹாஷிம் ஹாஜியார் நான் கொண்டுபோன ஒவ்வொரு பல்பையும் தன் மேசையில் மாட்டிக் காட்டுவார், அது சூரியன் மாதிரி எரியும், "இதில என்ன பிழை பாறூக் நானா?" என்பார், நான் "வீட்டில எரியுதில்ல" என்று சண்டை பிடித்து வேறொன்று வாங்கி வருவேன். என்னைத் தூரத்தில் கண்டாலே அவர் பகல் லுஹர் தொழப் போய்விடுவாராம், காலை பத்து மணிக்கும்.

அதை விடுங்கள் மச்சான். போன நோன்புக்கு முன்னால் ஒருநாள் நான் கிணற்றடியிலிருந்து வரும்போது அபீபா அறைக் கதவோடு பேசிக்கொண்டு நிற்கிறாள். "சந்தைக்குப் போனா கறிவேப்பிலையும் கொஞ்சம் கொண்டாங்க" என்கிறாள். கதவில் என் ஷேர்ட் தொங்குகிறது. ஷேர்ட் பதில் சொல்லவில்லை என்று அவளுக்குக் கோபமும் வந்துவிட்டது, "கேட்டா வாயத் திறக்க மாட்டீங்களே!" இதைக் கண்ணால் கண்ட எந்த மனுஷனுக்கும் விஷயம் விளங்கியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அறை பல்பை மாற்றினேன். அட்டையில் எழுதியும் வைத்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தது நானில்லை, மகள் ஆதிபா. பெருநாளைக்குத் தம்புள்ளையிலிருந்து வந்தவள் உம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வாப்பா, உம்மாட கண்ணில வெள்ளை படிஞ்சிருக்கு" என்றாள். அவ்வளவுதான். மூன்று வருஷம் நான் அண்ணாந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளை நேராகப் பார்த்தாள். டொக்டர் "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டபோது என் வாயில் வந்தது, "பல்ப் மாத்திப் பார்த்தோம் டொக்டர்." தாங்கள் பக்கத்தில் நின்றீர்கள். சிரிக்காமல் இருந்ததற்கு இன்றுவரை நன்றியுள்ளவன்.

தங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குள் வைக்கிற வில்லையை டொக்டர் விளக்கியபோது, அது பழுதானால் மாற்றலாமா, ஸ்பேர் ஒன்று வாங்கி வைக்கவா என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். "வைச்சா வைச்சதுதான் ஐயா, ஆயுளுக்கும் போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் மச்சான் என்னைக் கெடுத்தது.

ஏனென்றால் அதுவரைக்கும் நான் மாற்றுகிற பல்ப் கட்சி. அபீபா புதுக் கண்ணோடு வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் அவளை இருட்டில் வைத்த மனுஷன் நான். வாயால் மன்னிப்புக் கேட்க வராது, லைட் போட்டாவது கேட்கலாம் என்றொரு எண்ணம். ஆதிபா வாட்ஸ்அப்பில் சீலிங்கோடு சேர்த்துப் பதிக்கிற எல்ஈடி லைட் படமாக அனுப்பினாள். தட்டையாய், அழகாய், பல்பே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. வயரிங் வேலை செய்கிற ரமேஸ் பாஸ் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "நானா, அது உள்ளுக்கே சேர்ந்த லைட். போச்சுன்னா முழுசாக் கழட்டி வீசணும். ஹோல்டர் போட்டா பல்ப மட்டும் நீங்களே மாத்திக்கலாம்." ஹாஷிம் ஹாஜியாரோ, "ஐம்பதாயிரம் மணித்தியாலம் எரியும் நானா" என்றார். இனி என் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்ற சந்தோஷம் அவருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தொண்ணூற்று மூன்று வயது ஆகும்வரை எரியும். வாரன்டி எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு வருஷமாம். மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். அவர் தொழப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், என் பெரிய கவலை வாரன்டி இல்லை. அந்தத் தட்டை லைட்டில் அட்டை கட்ட இடமில்லை. ஓர் இரவு முழுக்க இதை யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? ஆனால் டொக்டர் சொன்னது மனசில் நின்றது. அவள் கண்ணுக்குள்ளேயே மாற்ற முடியாத ஒன்றைப் பதித்திருக்கும்போது எனக்கு மட்டும் என்ன மாற்றுகிற பல்ப்? பதிக்கிறதையே போடு என்று ஆறு லைட் வாங்கி, ரமேஸ் பாஸ் சீலிங்கில் ஆறு வட்டம் வெட்டி, பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டோம். மாஷா அல்லாஹ், ஹோலில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். அந்த வெளிச்சம் முழுசாக இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் இடி. நம்ம ஊர் ஐப்பசி இடி தங்களுக்குத் தெரியும்தானே, மலையே பிளக்கிற மாதிரி. இடிச்ச இடியில ரெண்டு லைட் போயிட்டு. பல்பா இருந்தா நானே கதிரையில ஏறி மாத்தியிருப்பேன். இது பதிச்ச லைட், கடைக்குத்தான் போகணும். போனா அந்த மொடல் முடிஞ்சுதாம், புது மொடல் ஒரு இன்ச் பெரிசாம். சரி, ரெண்டு ஓட்டையப் பெரிசாக்குவோம்னு பாஸ் சொன்னார். ரெண்டு பெரிசு நாலு சின்னதுன்னா பார்க்க அசிங்கமா இருக்குமே, ஆறையும் பெரிசாக்குங்கன்னு நான் சொன்னேன். யாரும் கேட்கல மச்சான், நானாத்தான் சொன்னேன். ஆறையும் வெட்டின பிறகு பார்த்தா புது லைட் கடையில ரெண்டுதான் இருக்கு. அதுவும் ஒண்டு மஞ்சள், ஒண்டு வெள்ளை. ரெண்டையும் மாட்டி நடுவில நின்னு கண்ணாடியப் பார்த்தேன். என்ட பாதி முகம் கலியாண வீட்டில இருக்கு, மறு பாதி ஆஸ்பத்திரியில இருக்கு.

அடுத்த வீட்டு ஸஜீதா அபீபாவின் சுகம் விசாரிக்க வந்தவள், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நானா, அபீபா தாத்தா வாரதுக்குள்ள இத ஒளிச்சுடுங்க" என்றாள். வீட்டைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ரோசம் வந்து இரண்டையும் கழற்றச் சொல்லிவிட்டு, பேசாமல் ஹோல்டரே போடுவோம் என்று பஸ்ஸில் போய் ஆறு ஹோல்டர் வாங்கி வந்தேன். அலுமாரியில் நான் சேர்த்து வைத்திருக்கும் இருபத்திரண்டு ஸ்பேர் பல்பும் இரண்டு பின் வைத்து அழுத்தி மாட்டுகிறவை. நான் வாங்கியது திருகுகிற ஹோல்டர். முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பர்! ரமேஸ் பாஸ் ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு, "நாவுலயில ஒரு வேலை இருக்கு நானா, வெள்ளிக்கிழமை வாறேன்" என்று போய்விட்டார்.

ஆகவே நிலைமை இதுதான். ஆறு ஓட்டை, லைட் ஒன்றும் இல்லை, கதிரையிலிருந்து குர்ஆன் ரேக் வரைக்கும் வெள்ளைத் தூசி. பதிக்கிறதா மாற்றுகிறதா என்று தாங்களே ஒரு முடிவு சொல்லுங்கள். தாங்கள் சொல்வதைச் செய்கிறேன். அபீபாவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். இந்தத் தூசியில் அவள் கண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் இரண்டாம் தரமும் காரணம் நானாகிவிடுவேன். அதைத் தாங்க மாட்டேன் மச்சான், சத்தியமாகத் தாங்க மாட்டேன்.

மதினிக்கு என் சலாம். மருந்தை நேரம் தவறாமல் விட்டுவிடுவதற்கு அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. பிள்ளைகளுக்கு என் துஆ. தங்கள் வீட்டு லைட்டுகள் நீண்ட நாள் எரியட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மச்சான்,
அ. பாறூக்
(ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்)

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கவரை ஒட்டும்போதே வாசலில் லொறிச் சத்தம். ஷிஃபான் இன்றைக்கே கண்டிக்குப் போய், திரும்பும் வழியில் தங்கள் வீட்டில் அபீபாவை ஏற்றியிருக்கிறார். தாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வந்தாளாமே. கறுப்புக் கண்ணாடியோடு லொறியிலிருந்து அவள் இறங்க, நான் துவாயை வீசிக்கொண்டு, "உள்ளுக்கு வராதீங்க, தூசி, தூசி!" என்று ஓடினேன். பின்வாசல் வழியாக அறைக்குக் கூட்டிப்போனேன். பாஸ் கை வைக்காத ஒரே இடம் அதுதான். மழை இருட்டாயிருந்தது, பழைய பல்பைப் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, அண்ணாந்து பார்த்தாள். பல்பில் அட்டை தொங்குகிறது. என் பெரிய எழுத்து.

அபீபா வாசிக்கிறாள் மச்சான். உட்கார்ந்த இடத்திலிருந்தே! "வெளிச்சம் போதாது, அபீபா. வெளிச்சம் போதாது, அபீபா. மங்கல், அபீபா. மறுபடியும் போதாது, அபீபா." ஒன்பது வரியையும் வாசித்துவிட்டுக் கேட்டாள், "ஒன்பது தரம் எழுதியிருக்கீங்க. ஒரு தரமாவது என்ட முகத்தப் பார்த்தீங்களா?"

"மாப்பு செய்யுங்க அபீபா" என்றேன். அழுதும் விட்டேன். அவள் என் முகத்தைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். "தாடி எல்லாம் நரைச்சுப்போச்சே, எப்ப?" என்றாள். பிறகு, "ஹோல்ல எத மாட்டினாலும் மாட்டுங்க, அட்டை கட்டுற மாதிரி மாட்டுங்க. அந்தப் பேனையத் தாங்க" என்றாள். அட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். பத்தாவது வரியை அவளே கோணலாக எழுதினாள்: "பல்ப் நல்லது. ஆளும் பரவாயில்லை. அபீபா."

அட்டையைத் திரும்பக் கட்டிவிட்டேன். இந்தத் தரம் பல்பை மாற்றவில்லை.