அவரை இலைக்கு அடியில் குடியிருப்பவள்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அக்கா என்னைவிட நலம், பூச்சிமருந்து டப்பாவை ஒற்றைக் கையில் தூக்கும் அளவுக்கு நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் வந்து உங்கள் அக்காவிடம் பேசாவிட்டால் ஒரு குடும்பமே அழிந்துவிடும்.

எங்கள் குடும்பம் இல்லை. பின்பக்கத் தோட்டத்தில், அவரை இலைக்கு அடியில், கேடயம் போல முதுகுள்ள ஒரு சின்னப் பச்சைப் பூச்சி முட்டை போட்டு, அதன் மேலேயே கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடுவதில்லை, நகர்வதில்லை, எறும்பு வந்தால் மட்டும் கேடயத்தை அந்தப் பக்கம் சாய்த்து மறிக்கிறது. பரீட்சை ஹாலில் பிள்ளைகளை முறைத்தே ஓய்வுபெற்றவன் நான். என்னையே ஒருத்தி முறைத்தது, உங்கள் அக்காவைத் தவிர, இதுதான் முதல் தடவை. கிட்டத்தில் பார்க்கலாமென்று பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்தேன், அதைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மாடியிலிருந்து பார்த்து "சார் விழுந்துட்டாரு" என்று கத்த, உங்கள் அக்கா ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கொட்ட, பூச்சி நனையக் கூடாதே என்று நான் கையால் மறைக்க, அது பயந்துபோய் என் சட்டையில் ஒரு நாற்றத்தை விட, அந்தச் சட்டையோடு நான் வீட்டுக்குள் போக, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று உங்கள் அக்கா பிளம்பரை வரவழைக்க, அவர் சமையலறைக் குழாயையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு என்னை ஒருமுறை மோந்து பார்த்து, "குழாயில ஒண்ணும் இல்லம்மா, சார்தான்" என்றார்.

அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை மருந்து அடிக்கப்போறேன்."

"அது தாய்டி" என்றேன்.

"நானும் மூணு பெத்தவதான். எனக்கு யாரு இப்படிப் படுத்துக் கிடந்து காவல் இருந்தாங்க?"

இதற்கு ஒரு பதில் வேண்டும், மச்சான். உங்களிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அந்தப் பூச்சியைக் கைவிட மனசில்லை.

தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. வரும்போது பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
துவைத்தும் நாறுகிற உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், அதற்குள் முட்டை பொரிந்துவிட்டது. ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் மருந்து டப்பாவோடு போன உங்கள் அக்கா திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால் என் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறாள். "மெதுவா வாங்க, குட்டிங்க பயந்துக்கும்" என்கிறாள். மாடியில் தையல்காரர் "அம்மா விழுந்துட்டாங்க" என்று கத்துகிறார். வாளி நிறையத் தண்ணீரோடு நான் நிற்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.