உயில் பாய் தேடிய பெண்கள்

உயிரோடிருக்கிற பெண்களைவிட, போய்ச் சேர்ந்த பெண்களை அதிகம் தெரிந்துவைத்திருக்கும் ஆண் புதுச்சேரியில் ஒருவர்தான். எங்கள் தெரு உயில் பாய்.

துணிக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்து உயில்களுக்கு நகல் வாங்கிப் படிப்பதுதான் இப்போது முழுநேர வேலை. வம்சம் தேடுகிற எல்லோரும் அப்பா, தாத்தா என்று ஏறுவார்கள். பாய் அம்மா வழியாகவே ஏறுவார். கல்யாண வீட்டில் பிரியாணி வருவதற்குள் மணப்பெண்ணுடைய பாட்டியின் அம்மா பெயரைக் கேட்டுவிடுவார். துக்க வீட்டில் மாலை வைத்த கையோடு உயில் உண்டா என்று விசாரித்து, ஒற்றுமையாக அழுதுகொண்டிருந்த அண்ணன் தம்பிகளைப் பிரித்த பெருமையும் அவருக்கு உண்டு.

ஏன் உயில் என்று கேட்டேன்.

"மத்த பத்தரத்துல 'இன்னார் சம்சாரம்'னு எழுதி மூடிடலாம் தம்பி. அண்டாவ யாருக்குக் குடுக்கறதுன்னு எழுதணும்னா பேர சொல்லித்தான ஆவணும்."

என் மாமனார் மூலக்குளத்தில் வீடு கட்டி, கூடத்துச் சுவரில் வம்ச மரம் வரைந்திருந்தார். உச்சியில் மீசையோடு ஒரு பெரியவர். கீழே கிளை கிளையாக ஆண்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பாய் அதை நிதானமாகப் பார்த்தார்.

"இவங்கள்லாம் எப்டிங்க பொறந்தாங்க?"

மாமனார் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துப் பாய் ஒரு நகலோடு அதே கூடத்தில் வந்து உட்கார்ந்தார். மீசைக்காரரின் தாயார் எழுதிவைத்த உயில். வீடும் கழனியும் தன்னைப் பார்த்துக்கொண்ட மருமகள் ராசாத்திக்கு. எட்டிப் பார்க்காத அந்த மீசைக்கார மகனுக்கு ஒரு கைத்தடி. பாய் வாசித்து முடித்ததும் மாமனார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை வரப்போகிறது என்று நான் செருப்பைத் தேடினேன்.

"உயில் எழுதுன அந்தம்மா பேரு என்ன பாய்?" என்றார் மாமனார்.

"அஞ்சலை."

அடுத்த வாரமே பெயின்டர் வந்தார். மீசைக்காரருக்கும் மேலே அஞ்சலை. மீசைக்காரர் பக்கத்தில் ராசாத்தி. கீழ்க்கிளையில் புதிதாகத் தன் பெயரைப் பார்த்த என் மனைவி உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பாய்க்குத் தன் அம்மாவைப் பெற்றவளின் பெயர் மட்டும் கிடைக்கவேயில்லை. கொடுக்க ஒன்றுமில்லாதவள் என்னத்தை உயில் எழுதுவாள்? அதனால் சமீபத்தில் அவரே ஓர் உயில் எழுதிவிட்டார். வீட்டுப் பெண்கள், தெருப் பெண்கள் எல்லோருக்கும், அவரவர் தாய் பெயரோடு, ஆளுக்கொரு சாமான்.

"பின்னாடி யாராவது தேடுனா அகப்படட்டும்" என்றார்.

என் மனைவிக்கு அவருடைய குடையாம். அவர் நூறு வயது இருக்கட்டும். அதுவரை எத்தனை மழை வந்தாலும் நாங்கள் நனைந்துகொள்கிறோம்.