மைக் செட் மாடியில் ஜிட்டர் சார்

கொச்சியில் ஜிட்டர் சாரைப் போலச் சத்தத்துக்குப் பயந்த மனிதர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதும் இல்லை. அப்பேர்ப்பட்டவர் வீடு தேடி வந்து சேர்ந்த இடம், மட்டாஞ்சேரியில் என் வீட்டு மாடி. கீழே என் மைக் செட் கடை. பன்னிரண்டு ஹாரன், ஆறு பாக்ஸ், நாலு ஆம்ப்ளிஃபயர்.

நான் நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அப்பா முனிசிபாலிட்டித் தொழிலாளி. ஹாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு தென்னை மரம் ஏறிக் கட்டிக் கட்டியே இந்த மாடியை எழுப்பினேன். வைப்பின் தீவு முதல் கும்பளங்கி வரை என் செட் பாடாத கல்யாணம் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

“சார், கீழே நாள் முழுக்க ஹாரன் டெஸ்ட் நடக்கும். உங்களுக்கு ஒத்துக்குமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் காதுக்குள்ள போற சத்தம் அண்ணே. சிப்புக்குள்ள போகாது. நான் பயப்படறது கரண்டுக்குள்ள இருக்கற சத்தத்துக்காக்கும்” என்றார்.

ஆளுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். பாலக்காட்டுத் தமிழர், தனிக்கட்டை. காக்கநாட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சிப் வரைகிற வேலை. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. குடிவருகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், கொசு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். இவர் கேட்ட முதல் கேள்வி, “எர்த் குழி எங்கே இருக்கு?”

இருந்த குழி அவருக்குப் பிடிக்கவில்லை. கொல்லையில் ஆள் உயரத்துக்கு வேறு குழி தோண்டி, கரியும் உப்புமாகக் கொட்டி, செம்புத் தகட்டை இறக்கினார். தினமும் காலையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். எர்த் காயக் கூடாதாம். எதிர்வீட்டு அம்மிணி இதை ஒரு வாரம் கவனித்தாள். எட்டாம் நாள் குழியருகே இரண்டு தெச்சிப்பூவும் ஒரு விளக்கும் இருந்தன. சார் விளக்கைப் பத்திரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினார். “பூ இருக்கட்டும். அதில கரண்ட் இல்லையே.”

வீட்டிலும் மேசைமேல் சின்னச் சின்ன போர்டுகளைப் பரப்பிச் சோதித்துப் பார்ப்பார். அதற்காக அடுத்து ட்யூப்லைட் எல்லாம் போயின. சோக்கில் சத்தமாம். பிறகு என் மனைவி சரசுவின் மிக்ஸிக்கு நேரம் குறித்து ஒரு காகிதம் வந்தது.

“ஏன் சார், தேங்கா அரைக்க உங்க கம்பெனியில பர்மிஷன் வாங்கணுமா?”

“கோவிச்சுக்காதீங்கோம்மா. ஏழரைக்குள்ள அரைச்சுடுங்கோ, போறும்.”

“எட்டு மணிக்கு அரைச்சா?”

“என் செண்டைக்காரன் தடுமாறுவான்.”

சரசு என்னைப் பார்த்தாள். நான் மாடியைப் பார்த்தேன். அங்கே செண்டைக்காரன் யாரும் இல்லை.

அன்றைக்குத்தான் விளக்கம் கேட்டேன்.

“அண்ணே, பூரத்தில மேளம் பார்த்திருக்கேளா?”

“நான் மைக் கட்டாத மேளமா சார்?”

“இலைத்தாளக்காரன் ஜால்ராவை நிதானமா தட்டறான். செண்டைக்காரன் அவனைவிட நூறு மடங்கு வேகம். ஆனா நூறாவது அடி தாளத்தோட சேர்ந்து விழணும். விழலேன்னா, செண்டைக்காரன் சட்டையைப் பிடிச்சு இழுக்க ஒருத்தன் வேணம்.”

“செண்டைக்காரனுக்குச் சட்டை ஏது சார்?”

“சரி, தோளைப் பிடிச்சு இழுக்கட்டும். இந்த மூணு பேரையும் ஒரு கடுகுக்குள்ள உட்கார வைக்கறதாக்கும் என் வேலை. ஃபேஸ் லாக்டு லூப்னு பேர். இழுத்துப் பிடிச்சும் அடி துளி முன்னே பின்னே விழுந்தா, அது ஜிட்டர்.”

அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். தெரு அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டது.

இவர் மூன்று வருஷம் உட்கார்ந்து வரைந்த சிப், எங்கோ வெளிநாட்டில் வார்த்து வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து சனியன் பிடித்தது. சிப்புக்குள் செண்டை தடுமாறியது. கம்பெனியில் ஏசியும் ஜெனரேட்டரும் கரண்டைக் கெடுக்கின்றன என்று, சிப்பின் தடுமாற்றத்தை அளக்கிற பெட்டியை ஆட்டோவில் மடிமேல் வைத்து மட்டாஞ்சேரிக்கே கொண்டுவந்துவிட்டார். பழைய பெட்டி. எங்கள் பெரிய ஆம்ப்ளிஃபயரைவிடக் கனம். சிப்புக்குச் சுத்தமான கரண்ட் வேண்டுமென்று என் லாரி பேட்டரிகள் இரண்டு மாடியேறின. வைப்பினில் ஒரு நிச்சயதார்த்தத்தில் கரண்ட் போனபோது, பேட்டரி இல்லாமல் நான் வெறும் வாயால் அறிவிப்புச் செய்தேன். பின்வரிசை வரைக்கும் கேட்டது, அது வேறு விஷயம்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு வீட்டில் எல்லா ஸ்விட்சும் அணையும். பெட்டிக்கு மட்டும் ஒரு லைன். ஃபிரிட்ஜ் அணைந்து மத்திக் குழம்பு கெட்டது. சரசு பேசாமல் இருந்தாள்; அவள் பேசாமல் இருந்தால் எனக்குத்தான் ஜிட்டர். இத்தனை செய்தும் பெட்டித் திரையில் ஓடிய கோட்டில் ஒரு மேடு; அதுதான் ஜிட்டராம். ஒட்டகத்தின் முதுகு மாதிரி. எதை அணைத்தாலும் அது இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சார் கீழே வந்து ஹாரன் பெட்டிமேல் உட்கார்ந்தார். சாயா கொடுத்தேன். குடிக்கவில்லை.

“என் வரைபடம்தான் தப்பு அண்ணே. பம்பாயிலேர்ந்து கம்பெனிப் பெரியவர் வந்திருக்கார். திங்கக்கிழமைக்குள்ள காரணம் சொல்லணும். இல்லேன்னா இந்த சிப்பைத் தூக்கிப் போட்டுட்டு, எங்கேயோ ரெடிமேடா வாங்கிக்கறாளாம்.”

“உங்களை?”

“என்னை வெச்சுண்டு என்ன செய்வா? எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்.”

சொல்லிவிட்டு எழுந்து போனார். படியில் அவர் செருப்பு மட்டும் கேட்டது.

மறுநாள் பேட்டரியை எடுக்கப் போனேன். ஒரு கல்யாண வேலை. சார் ஜன்னலோரம் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரியைக் கழற்றக் குனிந்தபோது என் முழங்கால் மேசைக் காலில் இடித்தது. திரையில் கோடு துள்ளியது.

முப்பது வருஷ மைக் செட் தொழில். மைக்கைத் தொட்டால் ஸ்பீக்கர் எப்படிக் குதிக்கும் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். ஒரு பென்சிலை எடுத்து, சிப் ஒட்டியிருந்த போர்டில் ஒவ்வொரு சாமானாகத் தட்டினேன். சிப்பைத் தட்டினேன், ஒன்றுமில்லை. பக்கத்தில் அரிசிமணி அளவில் ஒரு கெப்பாசிட்டர். தட்டினேன், ஒட்டகம் எழுந்து நின்றது.

“சார்! இது கெப்பாசிட்டர் இல்லே, மைக்கு! அதிர்வைப் பிடிச்சுக் கரண்டா மாத்துது!”

சார் ஓடி வந்தார். “இன்னொரு தரம் தட்டுங்கோ.” தட்டினேன். “இன்னொரு தரம்.”

“நான் தட்டறது இருக்கட்டும் சார். மேசையில கை வைங்க.”

வைத்தார். மேசை கிர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அளக்கிற பெட்டியின் முதுகில், அது சூடாகாமல் இருக்க வைத்த காற்றாடி! ஊரிலுள்ள ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றையும் அணைத்த மகானுபாவர், தன் மூக்குக்கு நேரே சுற்றியதை மட்டும் விட்டுவிட்டார். காக்கநாட்டிலும் அதே பெட்டி, இங்கேயும் அதே பெட்டி. சத்தத்தை மடியில் வைத்து ஆட்டோவில் கூட்டி வந்திருக்கிறார்!

தலையணையைக் கொண்டுவந்து போர்டை அதன்மேல் வைத்தோம். மேடு பாதி இறங்கியது. என் ரிப்பேர் டப்பாவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போடுகிற பச்சை பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சார் அரிசிமணியைப் பெயர்த்துவிட்டு அதை ஈயம் வைத்து ஒட்டினார். அரிசிமணி இருந்த இடத்தில் அது யானை மாதிரி நின்றது. திரையில் கோடு காயல் தண்ணீராகப் படுத்துவிட்டது.

“என் வரைபடம் சரியாக்கும் அண்ணே,” என்றார். அதையே நாலு தடவை சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

திங்கட்கிழமை என்னையும் காக்கநாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடி ரூமில் கோட்டுப் போட்ட பம்பாய்க்காரர், படித்த பிள்ளைகள் ஒரு டஜன் பேர். சார் கோட்டைக் காட்டினார். பச்சைக் கெப்பாசிட்டரைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். “கண்டுபிடிச்சது இவராக்கும். நான் இல்லே.” பம்பாய்க்காரர் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். சிப்பைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆயிரம் பேர் கூட்டத்தில் மைக் பிடித்து முழங்குகிறவன் நான். அன்றைக்கு அவர் கையை விடாமல் குலுக்கிக்கொண்டே நின்றேன். தன் மூன்று வருஷ உழைப்பு பிழைத்த நேரத்தில், நாலாம் கிளாஸ்காரன் தோளில் கை போட்டு முன்னால் நிறுத்த எத்தனை பேருக்கு மனசு வரும்?

திரும்பும்போது பஸ்ஸில் வாசலை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தோம். பல ராத்திரிகளாகத் தூங்காத மனுஷர், பாலாரிவட்டம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வாசலில் நின்ற கிளீனர் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஓங்கித் தட்டினார். நான் எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

“சேட்டா, ஒண்ணு பதுக்கே, மெள்ளத் தட்டணே. எங்க சார் உறங்கறார்.”