ஊர்க்காரர் விலை

விடுமுறைக்குப் போன இடத்தில் விடுமுறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேடி அலைகிற ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. இப்போதைக்கு மலிவுச் சாமான் வேட்டையர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர்களைப் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஏதாவதொரு ரிசோர்ட்டின் கார் நிறுத்துமிடத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும். காரின் பின்கதவு திறந்ததும், துணிப் பெட்டிகளுக்கு முன்பாக, பெரிய துவாலையில் பச்சைக் குழந்தையைப் போலச் சுற்றிய ஏதோ ஒன்று பத்திரமாக வெளியே வரும். அது குழந்தை அல்ல. ரைஸ் குக்கர்.

கையில் காசில்லாதவர் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பதில் கேலிக்கு ஒன்றுமில்லை. இவர் அந்த வகையல்ல. அறைக்கு இரவொன்றுக்கு நானூறு மலேசிய வெள்ளியை முகம் சுளிக்காமல் கட்டுவார். தக்காளி கிலோவுக்கு முப்பது காசு கூடுதல் என்றால் மூச்சு வாங்குவார். காலைச் சாப்பாடு இலவசம் என்றால் அவித்த முட்டை ஆறைக் காகிதத்தில் சுற்றி மனைவியின் கைப்பைக்குள் தள்ளுவார். அறையிலுள்ள தேநீர்ப் பொட்டலங்களைப் போன கையோடு பெட்டிக்குள் போட்டுவிட்டு, 'இங்கே தேத்தூள் வைக்கவில்லை' என்று வரவேற்பறைக்குத் தொலைபேசியில் சொல்வார். கடல் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார். கடை எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்பார்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் வேண்டுமா? புக்கிட் பெருந்துங்கில் இரட்டை மாடி வீட்டில் வசிக்கும் லிங்கேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி கலாவதிக்கு அதே ஊரில் ஒரு கிளினிக்கில் வேலை. காலை ஐந்தரைக்குச் சமைத்து, எட்டுக்கு வேலைக்குப் போய், ஆறரைக்கு வந்து மறுபடியும் சமைப்பவள். மகள் நித்தியாவுக்குப் பதினொரு வயது.

ஆறு வருடங்களுக்குப் பிறகு குடும்பமாக எங்காவது போகலாம் என்று பேச்சு வந்தபோது கலாவதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ரெண்டு நாளு. ரெண்டே ரெண்டு நாளு நான் கரண்டி பிடிக்க மாட்டேன். கத்தி தொட மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா போலாம். இல்லன்னா வீட்டிலேயே கெடப்போம்."

"சரி லா. ஒன்ன யாரு சமைக்கச் சொன்னா?" என்றார் லிங்கேஸ்வரன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தச் சம்மதத்தை நம்பித்தான் அவள் மூன்று வாரம் ஓட்டினாள். சனிக்கிழமை மதியம் கோலசிலாங்கூர் ரிசோர்ட்டின் பால்கனிக் கதவைத் திறந்து, ஆறும் கண்டல் மரங்களும் கண்ணில் பட, 'அப்பாடா' என்று ஒரு மூச்சு விட்டாள். பாதி மூச்சில் பின்னால் சத்தம் கேட்டது. குளிர்பெட்டியின் கதவு.

திரும்பிப் பார்த்தாள். அவர் மண்டியிட்டு, உள்ளே இருந்த தண்ணீர்ப் பாட்டில்களைத் தரையில் அடுக்கிவிட்டு, பெட்டியைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"கலா, கோழி ரெண்டு கிலோ தாராளமா உள்ள போவும்."

"எதுக்குக் கோழி?"

"கீழ மெனுவப் பாத்தியா நீ? நாசி கோரேங் இருபத்தெட்டு வெள்ளி! ரவாங்ல ஏழு வெள்ளி. அரிசிய இவன் என்ன தங்கச் சட்டியிலயா வறுக்கிறான்?"

"என்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நீ சமைக்க வேணாம் லா. நான் பாத்துக்கிறேன். நீ சும்மா பக்கத்துல நின்னு சொன்னா போதும்."

பக்கத்தில் நின்று சொல்வது என்றால் என்னவென்று எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? 'வெங்காயம் எப்படி வெட்டணும்?' என்பதில் ஆரம்பிக்கும். 'இப்படியா, அப்படியா?' என்று வளரும். 'நீயே ஒரு தடவ வெட்டிக் காட்டேன்' என்று முடியும். அதற்குப் பிறகு அவர் கட்டிலில் படுத்துக் கைப்பேசி பார்ப்பார். அவள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கோழி கழுவிக்கொண்டிருப்பாள்.

சரி, அவர் தனியாகவாவது கடைக்குப் போகலாமே? மாட்டார். மானிய எண்ணெய்ப் பொட்டலத்தை ஆளுக்கு இவ்வளவுதான் என்று கடைகளில் அளந்து கொடுக்கிறார்கள். மூன்று பேர் போனால் மூன்று பங்கு. ஆகவே நீச்சல் உடையோடு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குளத்துக்கு இறங்கிய நித்தியாவும் பாதிப் படியில் மடக்கப்பட்டாள்.

"டாடி, பூல் ஏழு மணிக்குக் க்ளோஸ்!"

"பத்தே நிமிஷம்மா."

ரிசோர்ட் வாசலிலேயே ஒரு கடை இருந்தது. அதற்குள் அவர் நுழையவில்லை. வெளியில் நின்று தொங்கிய வாழைப்பழத்தை மட்டும் முறைத்தார். "டூரிஸ்ட் வெல." கார் கிளம்பியது. டவுனில் இரண்டாவது கடையில் உருளைக்கிழங்கைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, அடுத்த கடையில் இருபது காசு குறைவாக இருக்கும் என்று மோப்பம் பிடித்தார். மூன்றாவதில் இருபது காசு குறைவாகவே இருந்தது. ஆனால் வெங்காயம் பத்துக் காசு அதிகம். இருபது காசு மிச்சத்துக்காக எத்தனை வெள்ளிக்குப் பெட்ரோல் எரிந்தது என்று கேட்கிறீர்களா? அதை அவரிடம் கேட்காதீர்கள். பெட்ரோல் அவர் கண்ணுக்குச் சாமானாகத் தெரிவதில்லை. இப்படிக் காசு காசாக மோப்பம் பிடித்துக்கொண்டே, மதியம் இரண்டரைக்கு, அசாம் ஜாவாவில் இக்பால் என்பவரின் மளிகைக் கடைக்கு முன்னால் கார் நின்றது.

இங்கேதான் வேட்டையர் தம் கடைசி ஆயுதத்தை எடுப்பார். எல்லாக் கடையிலும் ஒரு பொருளுக்கு இரண்டு விலை உண்டு என்பது இந்த இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று வெளியூர்க்காரனுக்கு. மற்றது ஊர்க்காரனுக்கு. லிங்கேஸ்வரன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டையை வெளியே இழுத்துவிட்டார். காலணியை மாற்றி ரப்பர் ஜப்பான் சிலிப்பர் போட்டார். கலாவதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர்க்காரராகி உள்ளே போனார். அவளும் மகளும் பின்னால் போனார்கள்.

"என்ன பாய், நல்லா இருக்கீங்களா? வெங்காயம் என்ன வெல?"

இதற்கு முன் இவரைப் பார்த்தே இராத இக்பால், நல்லா இருப்பதாகச் சொல்லிவிட்டு, "கிலோ நாலு அம்பது" என்றார்.

"அது வெளியூர்க்காரனுக்கு. எனக்கு?"

"உங்களுக்கும் நாலு அம்பதுதான் அண்ணே. வெங்காயத்துக்கு ஐசி கார்டுல ஊர் பாக்கத் தெரியாது."

"என்ன பாய் இப்பிடிச் சொல்றீங்க? நான் இங்க கிளைடன் தோட்டத்துல பொறந்தவன்!"

பிறந்ததும் வளர்ந்ததும் ரவாங்கில். கிளைடன் தோட்டத்தை அவர் அறிந்தது இருபது நிமிடத்துக்கு முன்னால், சாலையோரத்துப் பெயர்ப்பலகையில்.

அரிசி மூட்டைகளின் பக்கத்தில், மடித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் திரும்பினார். ஐயாவு. கிளைடன் தோட்டத்து மாரியம்மன் கோயில் பொருளாளர்.

"கிளைடனா? எந்த லயம் தம்பி?"

கலாவதி கணவனின் சட்டையைப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தாள். நான்கு வெள்ளி ஐம்பது காசைக் கொடுத்துவிட்டுப் போக அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் எதிரே இருந்தது வெங்காயம்.

"மூனாவது லயம் அண்ணே." எந்தத் தோட்டத்தில்தான் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாவது லயம் இல்லை?

"யாரு வூட்டுப் புள்ள?"

"மண்டோர் வூடு." எந்தத் தோட்டத்தில்தான் வேலை வாங்க ஒரு மண்டோர் இல்லை?

"எந்த மண்டோரு? பெரிய மண்டோரா?"

"பெரிய மண்டோர்தான். எங்கப்பா."

ஐயாவு அவரை ஒரு கணம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அட, பெரிய மண்டோரு மவனா! பாய், வெளங்காத ஆளுய்யா நீ. நம்மூரு புள்ளகிட்டப் போயி நாலு அம்பது சொல்றியே! கொறச்சுப் போடு."

"மூனு எண்பது" என்றார் இக்பால்.

லிங்கேஸ்வரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எழுபது காசு. அந்தப் பார்வையைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம்.

ஐயாவு பிடித்த கையை மட்டும் விடவில்லை.

"ஆத்தாவாப் பாத்து அனுப்பி வச்சிருக்கா தம்பி. இன்னிக்குத் திருவிழா மூனா நாளு. ஒங்க வூட்டு உபயம்ல!"

மற்ற நாட்டுத் தமிழருக்காக ஒரு வார்த்தை. இங்கே தோட்டம் கைமாறினாலும், லயங்கள் இடிந்து மக்கள் ஊர் ஊராகப் பிரிந்தாலும், கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய குடும்பங்கள் திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு நாள் பூசையையும் அன்னதானத்தையும் தங்கள் செலவில் நடத்தும். அதுதான் உபயம். தலைமுறை தாண்டியும் அது அந்த வீட்டின் பொறுப்பு. மறுக்கிறவர்கள் மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஐயாவுவின் காகிதம் விரிந்தது. அரிசி நாற்பது கிலோ. பருப்பு எட்டு. வெங்காயம் பத்து. கத்தரிக்காய், முருங்கைக்காய், எண்ணெய், புளி, அப்பளம். சாயங்காலம் இருநூறு பேர்.

"எல்லாமே ஊர்க்காரர் வெலதான் அண்ணே" என்றார் இக்பால். தராசில் வெங்காயம் ஏற்கெனவே ஏறியிருந்தது.

லிங்கேஸ்வரன் தராசைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். 'நான் அந்த ஊர்க்காரன் இல்லை' என்று நான்கு சொல் சொன்னால் தீர்ந்தது. கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யன் என்று பெயர் வாங்குவதைவிட நாற்பது கிலோ அரிசி வாங்குவது மலிவு என்று அந்தப் பழகிய மூளை முடிவெடுத்தது. கார்டை நீட்டினார்.

"சந்தோசம். வண்டியில ஏறுங்க தம்பி. காய் வெட்டவே ஆளு பத்தல" என்ற ஐயாவு, கலாவதி பக்கம் திரும்பினார். "நீங்கதான் மருமவளா? வாங்கம்மா. ஒங்க கையாலதான் இன்னிக்கு எல்லாம்."

அப்போது லிங்கேஸ்வரன் செய்ததைக் கேளுங்கள். அவருடைய முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆமாண்ணே! அவதான் நல்லா செய்வா. எரநூறு பேருன்னாலும் அசர மாட்டா. கலா, நீ அவங்ககூடப் போயி ஆரம்பிச்சு வை. நான் பாப்பாவ ரூம்ல விட்டுட்டு வந்துர்றேன்."

வர மாட்டார். அவளுக்குத் தெரியும். இரண்டு நாளில் முதல் நாளின் பாதி காரிலேயே போய்விட்டது. மீதியும் நாளைய காலையும் இருநூறு பேரின் பாத்திரத்தோடு போகப்போகிறது. உண்மையைப் போட்டு உடைக்கலாம். உடைத்தால் கார்டு திரும்பும், வெங்காயம் திரும்பும், ஐந்தாவது கடை, ஆறாவது கடை, கடைசியில் குளியலறையில் கோழி.

கலாவதி ஐயாவுவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஆமாண்ணே, மருமகதான். எனக்கும் ஆசதான். ஆனா எங்க மாமா கண்ண மூடறதுக்கு முன்னாடி கண்டிஷனாச் சொல்லிட்டாரு. நம்ம வூட்டு உபயத்துல பொம்பளைங்க கை படக்கூடாது, ஆம்பளப் புள்ளதான் வெட்டணும், கிண்டணும், பரிமாறணும்னு."

"கலா!"

"என்னாங்க, அப்பா சொன்னத மறந்துட்டீங்களா? கோயில் விஷயம்ங்க." அவர் விரலில் தொங்கிய கார்ச் சாவியைக் கழற்றிக்கொண்டாள். "சாமி காரியம் முடிஞ்சதும் அண்ணனே கொண்டாந்து விட்டுருவாரு. விடுவீங்களாண்ணே?"

"பத்திரமா விடுறேன்மா. அடுப்பு கழுவி முடிச்சதும்."

லோரியின் முன்சீட்டில், மடியில் பத்துக் கிலோ வெங்காயத்தோடு, லிங்கேஸ்வரன் ஏற்றப்பட்டார். காருக்குள் உட்கார்ந்த கலாவதியிடம் ஐயாவு வந்து, கண்ணாடிப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா. பெரிய மண்டோருக்கு அஞ்சும் பொண்ணு. ஆம்பளப் புள்ளயே கெடையாது."

கலாவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, மன்னிச்சுக்குங்க…"

"எதுக்கும்மா? மூனா நாளு உபயத்துக்கு இந்த வருசம் ஆளே கெடைக்கல. என் கைக்காச போடலாம்னு கடைக்கு வந்தேன். ஆத்தா ஒரு மவன அனுப்பிட்டா." சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்த அஞ்சு பொண்ணும் சாயங்காலம் வருதுங்க. அண்ணன் கெடச்சிட்டான்னு சும்மா வுடுங்களா? ஆளுக்கு ஒரு சேல கேக்கும்."

கணவன் மீது அவளுக்குப் பரிதாபம் வந்தது. முதல் கியரில் வந்து இரண்டாவது கியரில் போய்விட்டது.

மூன்றேகாலுக்கு நித்தியா குளத்தில் குதித்தாள். கரையில், குடை நிழலில், கலாவதி இருபத்தெட்டு வெள்ளி நாசி கோரேங்கை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். உண்மையைச் சொன்னால் அவளுடைய கையின் ருசி அதில் பாதிகூட இல்லை. சாப்பிட்டு முடித்ததும் யாரோ ஒரு பெண் வந்து தட்டை எடுத்துப் போனாள். தட்டு போகிற திசையையே, அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறையும்வரை, கலாவதி பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கழுவப்போகிறார்கள். தான் அல்ல.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்குத் தெரிந்த ஒரு மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ ஞாபகத்துக்கு வந்து, இதை அவருக்கு அனுப்பவும் நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். ஆனால் அடுத்த பள்ளி விடுமுறையில், தெரியாத ஊரில், ஏதோ ஒரு சின்னக் கடையில் தக்காளியைப் பொறுக்கியபடி, 'நாங்க இங்க பக்கத்துலதான் இருக்கோம்' என்று நீங்கள் வாய் திறக்கும் முன், பின்னால் காகிதத்தோடு யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள். சிலாங்கூரின் வடக்கில் கோயில்கள் நிறைய. உபயத்துக்கு ஆள் கிடைக்காத நாள்களும் நிறைய.