மதினியின் நெற்றியில் ஊன்றிய திருப்புளி

மனித மனத்தைத் திருப்புளியாலேயே பழுதுபார்த்துவிடலாம் என்று நம்பியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் தாராவியில், நான் சூப்பர்வைசராக இருந்த தையல் பட்டறையின் மெக்கானிக். பெயர் பேரிங் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

மிஷின் முனகினால் திருப்புளியின் நுனியை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காஜா டெய்லர் செல்வம் காதல் முறிந்து அழுதபோது, அவன் நெற்றியிலும் ஊன்றிக் கேட்டார். உப்புச்சத்து கம்மியாம். உப்புப் போட்ட சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்த தெம்பில் செல்வம் இன்னும் பலமாக அழுதான். அண்ணாச்சி அதை முன்னேற்றம் என்றார்.

நான் தபாலில் உளவியல் படித்தவன். இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி. ஊர், உறவு, பால்யம் எல்லாம் சேர்ந்ததுதான் மனசு, ஆளை முழுசாகப் பார்க்கவேண்டும் என்று தினமும் வாதாடுவேன்.

"முழுசாப் பாத்தா எல்லா மிஷினும் நல்லாத்தான்வே இருக்கு. கழட்டுனாத்தான கோளாறு தெரியும்."

ஒரு நாள் அவர் மனைவி, எனக்கு மதினி, ஏதோ மனக்குறையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பாதிப் பேச்சில் அண்ணாச்சி அவர் நெற்றியில் திருப்புளியை ஊன்றிவிட்டார். மதினி அடுத்த லோக்கல் ரயிலில் பாண்டுப்பில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனவர்தான். இனி வருவதில்லை என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்.

இரும்புச்சத்து குறைவு என்று அண்ணாச்சி டானிக் அனுப்பினார். சீல் உடையாமல் திரும்பி வந்தது. மூன்றாவது வாரம் பாதி ஆளாக என்முன் வந்து நின்றார்.

"வே, உம்ம முழுசு வைத்தியத்தத்தான் பண்ணிப் பாருமேன். அவ இல்லாம சோறு எறங்கல."

என் வாழ்க்கையின் முதல் கேஸ். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாண்டுப்புக்குப் போனோம். மதினியின் பால்யம், ஊர்விட்டு வந்தது, ஒற்றை அறை சால் வீட்டு நெருக்கடி என்று முக்கால் மணி நேரம் அவருக்கே விளக்கினேன். வேகத்தில், அவருக்கு இல்லாத ஒரு சித்தியின் கொடுமையையும் சேர்த்துவிட்டேன்.

மதினி எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இவுக என்னைத் துண்டு துண்டாப் பாக்காக. நீங்க உலகத்தையே என் தலையில கட்டுதிய. என்னன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா, ரெண்டு பேரும்?"

அண்ணாச்சி மதினியின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு. கேக்கேன்."

என்னைக் கிளம்பச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

மாட்டுங்காவில் என் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, போன் செய்தேன். மதினியின் அண்ணன்தான் எடுத்தார். "மாப்ள இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. வாயே தொறக்கல," என்றார் கிசுகிசுப்பாக.

அண்ணாச்சிமேல் எனக்கு அப்படியொரு பிரியம் வந்தது. ஏனென்று ஆராயத் தோன்றவில்லை.