உப்பு டாக்டரும் செங்கல் நிறமும்

கள்ளக்குறிச்சியில் உப்பு டாக்டரிடம் போய்க் குழம்பாமல் திரும்பியவர் ஒருவர்கூடக் கிடையாது. காய்ச்சல் என்றாலும் உப்பு பார்க்கச் சிறுநீருக்கு ஒரு குப்பியைக் கொடுத்து, "போய்ட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான் வைத்தியம் என்று நினைத்து, குப்பியோடு தியாகதுருகம் பஸ் ஏறியவர்கள் உண்டு.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கரியாலூரில் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த என் மாமாவுக்கு வாந்தி, பேதி. பிறகு சிறுநீரும் ஏறக்குறைய நின்றுபோனது.

"கிட்னி பூட்ச்சி. பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கினு ஓடுங்க" என்றார்கள். எந்தச் சாலையில் ஓடுவது? கட்டிலோடு உப்பு டாக்டரிடம் தூக்கிவந்தோம்.

மாமா அரும்பாடுபட்டுக் கொடுத்த சிறுநீரில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டார் டாக்டர். அதில் ஒரு மருந்தைக் கலந்தார். இன்னொரு மருந்தை ஒரே ஒரு சொட்டு விட்டதும் குழாய் முழுக்கச் செங்கல் நிறம்.

"ஐயோ, ரத்தம்!" என்று அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரோ குதித்தார். "உப்பே இல்ல! ரொம்ப சந்தோஷம்!"

"உப்பு போட்டுத்தானேங்க கஞ்சி குடுத்தேன்?"

"கஞ்சில இல்லம்மா, மூத்திரத்துல! உப்பு ஜாஸ்தி இருந்தா நெறம் மாற நெறைய சொட்டு வேணும். ஒடம்புல தண்ணி கம்மியானா நல்ல கிட்னி உப்ப வெளிய வுடாது, இறுக்கிப் புடிச்சிக்கும். கெட்டுப்போன கிட்னிதான் அள்ளி வுடும்."

"கஞ்சத்தனம் பண்ணா நல்ல கிட்னிங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப இவருக்கு ஒண்ணும் ஆவாது" என்று அத்தை எழுந்துகொண்டாள்.

"அப்புறம் ஏங்க மூத்திரம் வர்ல?" என்றேன்.

"கெணத்துல தண்ணி இல்லன்னா மோட்டார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

இதை வாசலில் அரைகுறையாகக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், சற்று நேரத்தில் மோட்டார் மெக்கானிக்கோடு வந்து நின்றார்.

மாமாவுக்குக் குளுக்கோஸ் பாட்டில்கள் ஏறின. டாக்டர் சாப்பிடப் போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, நாடியைப் பிடிப்பதும் பாட்டிலைப் பார்ப்பதுமாக இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் மாமா முனகினார்.

"ஒண்ணுக்கு வருதுங்க."

எல்லோரும் கைதட்டினோம். "இன்னாத்துக்குடா வேடிக்க? வெளிய போங்கடா!" என்று மாமா கத்தினார். அந்தக் குரலைக் கேட்டதும் எங்களுக்கு உயிர் வந்தது.

அத்தை டீ வாங்கிவந்து டாக்டரிடம் நீட்டினாள். டம்ளர் டாக்டரின் கையில் நிற்கவில்லை; டீ அவர் சட்டையெல்லாம் சிந்தியது. பகல் முழுக்க எங்களைவிட அதிகமாக அவர்தான் பயந்துகிடந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தை டம்ளரைத் திரும்ப வாங்கி, ஊதி ஆற்றி, அவர் குடித்து முடிக்கும்வரை தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.