நான் ஒய்.பி.யாக இருந்த மத்தியானம்

“…லெட்டர் வச்ச பைலெல்லாம் மேல போவுது, லெட்டர் இல்லாதது அடியில போவுது. என் மகளோடது அடியிலயே கெடக்கு ஒய்.பி. அஞ்சு மணியோட கம்ப்யூட்டர்ல மூடிருவாங்களாம். ஒரே ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும்” என்று சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மாள் மூச்சு வாங்கினார். மோட்டார் சைக்கிளில் வந்தவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

நான் ஒய்.பி. இல்லை. (தேர்தலில் ஜெயித்த மாண்புமிகுகளை மலேசியாவில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) செரண்டாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டிகளுக்குக் காவல் இருக்கிறவன். அங்கே என்னோடு வேலை செய்யும் முனியாண்டி அடிக்கடி சொல்வார்: “நல்லவன்னு பேரு எடுக்கிறது ஈசிலா. யாரும் உன்கிட்ட வந்து ஒன்னும் கேக்காம இருந்தா போதும்.” நாற்பத்தோரு வயது வரை என்னிடம் யாரும் வந்து ஒன்றும் கேட்டதில்லை. அதனால் ஊழலைப் பற்றி நான் காரசாரமாகப் பேசுவேன். காப்பிக் கடையில் பேசுவேன், கல்யாண வீட்டில் பேசுவேன், கேட்க ஆள் இல்லாவிட்டால் தொலைக்காட்சிச் செய்தியோடு பேசுவேன்.

அந்தப் பேச்சைப் பார்த்துத்தான் தினேஷ் என்னைப் பிடித்தான். எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற பையன். ஊழல் எதிர்ப்புக் குறும்படப் போட்டி ஒன்றுக்குப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். கதை இதுதான்: டத்தோ பட்டம் வாங்கிய வீரசிகாமணி என்ற அரசியல்வாதி, மேல்படிப்புக்கு இடம் கேட்டு வரும் ஏழைகளுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து ஓட்டு வாங்குகிறார், கடைசியில் அம்பலமாகிறார். நாயகன் வேடம்தான் எனக்கு என்று நினைத்து மீசையைத் தடவினேன்.

“இல்லண்ணே, நீங்கதான் டத்தோ” என்றான். “உங்களுக்கு வசனமே வேண்டாம். சும்மா நடந்து வந்தாலே ஊழல் தெரியுது.”

கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பெரிய மனிதர்கள் போடும் பூப்போட்ட பத்தேக் சட்டையை மாட்டி, தலையில் முகப்பவுடரைத் தட்டி நரையாக்கி, நெஞ்சில் ஒரு தங்க நிறப் பதக்கத்தைக் குத்திக் கண்ணாடியில் காட்டினான் பாருங்கள், நானே எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொல்லியிருப்பேன்.

படப்பிடிப்பு பெஸ்தாரி ஜெயா என்ற ஊரைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில், கோயில் மண்டபத்தில். செரண்டா முகம் அங்கே யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, தேர்தல் வரப்போகிறது என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரம். விளக்குக் கம்பத்துக்கு ஒரு கொடி. நான் இரவல் வேனிலிருந்து இறங்கியதும் மண்டபத்து வாசலில் பேசிக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. (பஸ்ஸில் ஒரு தடவை ஒரு பெண் எழுந்தாள். அவள் இறங்க வேண்டிய இடம் வந்திருந்தது.)

இரண்டரை மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. தினேஷும் மற்றவர்களும் மண்டபத்துக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேசையில் தனியாக, டத்தோவாக, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் தினேஷ் அச்சடித்து வைத்திருந்த இருபது சிபாரிசுக் கடிதங்கள். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. தலைப்பில் அரசாங்க முத்திரை மாதிரி இரண்டு புலிகள், பக்கத்தில் பார்த்தால் பூனைகள். மண்டபத்துக்கு ஒய்.பி. வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். பெயர் சரோஜா; பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. மகள் தர்ஷினிக்கு மெட்ரிகுலேஷனில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பில், இடம் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் கோமதி டீச்சர் என்பவர், கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். அங்கேதான் லெட்டர் வைத்த கோப்பு மேலே, வைக்காதது அடியில்.

“மகளுக்கு எத்தனை ஏ?” என்று கேட்டேன். (கேட்டது டத்தோ வீரசிகாமணி. வாய் மட்டும் என்னுடையது.)

“ஏழு ஏ, ஒய்.பி. ஒரு பி.”

“கெட்டிக்காரி.”

“எல்லாரும் அததான் சொல்றாங்க” என்றார் அந்த அம்மாள், சிரிக்காமல்.

‘அம்மா, நான் நடிகன்’ என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். தொண்டை வரை வந்தது. ஆனால் அவர் கண்ணில் நான் பெரிய ஆள். அந்த உயரத்திலிருந்து இறங்க மனசு வரவில்லை. ஒரு தாள்தானே, ஒரு கையெழுத்துதானே, அதுவும் என் கையெழுத்துகூட இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான ஊழல்காரர்கள் இந்த நிலைக்கு வரப் பல வருடம் பாடுபட்டிருப்பார்கள். நான் ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்தேன். தர்ஷினியின் பெயரை எழுதி, காலையிலிருந்து பழகிவைத்த கையெழுத்தை வளைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“எங்க வீட்ல மூணு ஓட்டு இருக்கு ஒய்.பி. மறக்க மாட்டோம்” என்றார்.

“அதெல்லாம் எதுக்கும்மா” என்றேன், பெருந்தன்மையாக. மூன்று ஓட்டு வாங்கியாயிற்று.

மூன்றரை மணிக்கு தினேஷ் வந்து தாள்களை அடுக்கினான். இன்னொரு தடவை அடுக்கினான்.

“அண்ணே, இருபது லெட்டர் அடிச்சேன். ஒன்னு கொறையுது.”

நடந்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“அது பொய் லெட்டர்ணே. அத ஸ்கேன் பண்ணி அரசாங்கத்துக்கு அனுப்பிட்டா என்னா ஆவும்? பொய் டாக்குமெண்ட் குடுத்த பொண்ணுன்னு மொத்தமா தள்ளிருவாங்க. இதுக்கு மேல அப்பீல் கிடையாது. அந்தப் பொண்ணு கதை முடிஞ்சிச்சு.” தாள்களை மேசையில் போட்டுவிட்டு, “போன் நம்பர் வாங்குனீங்களா?” என்றான்.

“ஒய்.பி. எங்கடா நம்பர் வாங்குவாரு.”

இரவல் வேன் திரும்பிப் போயிருந்தது. தினேஷின் பழைய மோட்டார் சைக்கிளில் பத்தேக் சட்டையும் பதக்கமுமாக ஏறினேன். தோட்டத்துச் செம்மண் பாதை, லாரி போக மட்டுமே அகலம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் செம்பனைப் பழம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். விளக்கைப் போட்டேன். லாரிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்ததும் நடுப்பாதையில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“நல்லவேளை நீங்களே மோட்டர்ல வந்தீங்க ஒய்.பி. இந்த ரோட்டப் பாருங்க. பள்ளத்துக்கு நடுவுலதான் ரோடு இருக்கு. எத்தன தடவ எழுதிப் போட்டோம் தெரியுமா?”

மணி மூன்று ஐம்பது. அவர் எழுதிப் போட்ட தேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பவுடர் கலந்த வியர்வை என் நெற்றியில் வெள்ளைக் கோடாக இறங்கியது. அங்கே, ஐந்து மைல் தள்ளி, ஏழு ஏ வாங்கிய பெண் ஒருத்தியின் தலையெழுத்தை ஒரு டீச்சர் ஸ்கேனரில் வைத்துக்கொண்டிருப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“மூணு மாசம். மூணே மாசத்துல தார் ரோடு. லாரிய ஓரம் கட்டுங்கண்ணே” என்றேன்.

கும்பிட்டு வழிவிட்டார். (ஒரே நாளில் கடிதம், ஓட்டு, சாலை. ஒரு முழு ஆட்சிக்காலத்தை நான் ஒன்றரை மணி நேரத்தில் முடித்திருந்தேன். இன்றைக்கும் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்கிறேன் என்று சொன்னால் என் மனைவி கேட்பாள்: “எப்ப, மூணு மாசத்துலயா?” மருமகன்வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.)

நாலு பத்துக்குக் கணினி அறைக்குள் நுழைந்தேன். சுவரோரம் நாற்காலிகளில் தாய்மாரும் தகப்பன்மாரும். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். இந்தத் தடவை அது எனக்குப் பிடிக்கவில்லை.

“ஒய்.பி. நேர்லயே வந்துட்டாரு” என்றார் சரோஜா. அந்தக் குரலில் இருந்த பெருமை இன்றும் என் காதில் குத்துகிறது.

கோமதி டீச்சர் தூங்கி எத்தனை நாளாயிற்றோ என்று தோன்றும் முகம். விடுமுறை நாளில் சும்மா வந்து உழைக்கிற மனுஷி. மத்தியானம் முழுக்க இணையம் படுத்துவிட்டதாம். இப்போதுதான் உயிர் வந்ததாம். மேசையில் பதினாலு கோப்பு. ஒன்று ஏற ஐந்து நிமிடம். கடைசி நாலு போகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லவில்லை. அடுக்கின் உச்சியில் தர்ஷினியின் கோப்பு. என் பூனைகள் கணினித் திரையில் பெரிதாகத் தெரிந்தன.

“அனுப்பிட்டீங்களா?”

“அமுக்க வேண்டியதுதான் ஒய்.பி.” விரல் பொத்தானுக்கு மேல் இருந்தது.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. “அந்த லெட்டர்ல ஒரு பிழை டீச்சர். குடுங்க, திருத்தி நாளைக்கு அனுப்புறேன்” என்றேன்.

“நாளைக்கு ஏது? இன்னையோட முடியுது. பிழையெல்லாம் யாரு பாக்கப் போறா? உங்க பேரு இருக்குல்ல, அது போதும்.”

“டீச்சர், அமுக்காதீங்க.” ஓரத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். தர்ஷினி. “நான் தேடிப் பாத்துட்டேன். வீரசிகாமணின்னு ஒரு ஒய்.பி.யும் இல்ல.”

“ஏய், சும்மா இரு. பெரியவங்க நிக்கிறாங்க” என்றார் சரோஜா.

“உங்க மக சொல்றது சரிதாம்மா” என்றேன். “நான் ஒய்.பி. இல்ல. அங்க படம் எடுக்குறாங்க. நான் நடிக்க வந்தவன். உங்கள ஏமாத்திட்டேன்.”

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

“என்னா படம்?” என்று ஒரு தகப்பன் கேட்டார்.

“இன்னும் வரலைங்க.”

“அதானே” என்றார்.

சரோஜா ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டீச்சர் பெருமூச்சோடு திரையிலிருந்து கடிதத்தை நீக்கினார், கோப்பிலிருந்து தாளை உருவிக் குப்பைக் கூடையில் போட்டார். அதுவரை நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் கை, யோசிக்காமல், பழக்கத்தில், தர்ஷினியின் கோப்பை எடுத்து அடுக்கின் அடியில் செருகியது.

“டீச்சர்” என்றேன், “அத மட்டும் மேலயே வச்சு…”

“நீங்க யாரு சொல்றதுக்கு?” என்றார் டீச்சர். நியாயமான கேள்வி. வேடம் கலைந்த பிறகும் சிபாரிசுக்கு வாய் திறந்தவன் நான்.

சரோஜா மேசைக்கு வந்தார். “டீச்சர், அந்தப் பேப்பர் இருந்தப்ப மேல வச்சீங்க. இப்ப அடியில வைக்கிறீங்க. ரெண்டு தடவையும் என் மக மார்க்கு அதே பைலுக்குள்ளதான் இருந்துச்சு. அத யாரு பாத்தா?”

டீச்சர் முகம் வெளிறியது. “நான் என்னா செய்யட்டும் சரோஜா. லெட்டர் உள்ளத முதல்ல அனுப்பலைன்னா அவங்க ஆபீஸ்ல இருந்து போன் வருது. எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்லணும்.”

“எங்களுது உண்மையான லெட்டர்லா” என்றார் அதே தகப்பன், பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

“இவரோட பொய் லெட்டருக்கே என் பைலு மேல போயிருச்சு” என்றார் சரோஜா. “அப்ப ஒங்க லெட்டர்ல என்னாதான்ணே இருக்கு?”

மணி நாலு பதினெட்டு. சரோஜா சுற்றிலும் பார்த்தார். வாசல் பக்கத்து முக்காலியில், காலையில் வந்தவர்கள் வந்த நேரமும் பெயரும் எழுதிய நோட்டு கிடந்தது.

“நான் வந்தப்ப பள்ளிக்கூடத்து கேட்டுகூட தெறக்கல டீச்சர்” என்றார்.

போய் அந்த நோட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார். பதினாலு கோப்புகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. விடியற்காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மேஸ்திரி, அதாவது மண்டோர், பேர் கூப்பிடுகிற மாதிரி, முதல் வரியில் விரலை வைத்து உரக்கப் படித்தார். முதல் பெயர் அவர் மகளுடையதுதான். அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. அந்தக் கோப்பை எடுத்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, விரலை அடுத்த வரிக்கு இறக்கி, இரண்டாவது பெயரைக் கூப்பிட்டார்.